ஜனவரியில் செய்த கார்

மார்ச் 3, ஞாயிறு

பதினேழு வருடம் ஓடிய கார் நேற்று மாலை காப்பார் சாலையில் இரண்டு லோரிகளுக்கு நடுவே நின்றுவிட்டது. என் மனைவி புவனாதான் ஓட்டிக்கொண்டு வந்தாள். பின்னால் வந்த லோரிக்காரர் இறங்கித் தள்ளிவிட்டிருக்கிறார். இன்று காலை பட்டறை போர்மேன் இஞ்சினைத் திறந்து பார்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே, "இனிமே இதுக்குச் செலவு பண்ணாதீங்கண்ணே. வேற காடி பாருங்க" என்றார்.

புவனா கிள்ளான் அரசு மருத்துவமனையில் தாதி. விபத்துப் பிரிவு, மூன்று ஷிப்டு. கார் இல்லாமல் அவளுக்கு ஒரு நாளும் ஓடாது. மகள் லோஷினி பள்ளியில் நான்காம் படிவம், பதினாறு வயது. பள்ளிக்கும் டியூஷனுக்கும் அம்மாவின் காரில்தான் போகிறாள். நான் மோட்டார் சைக்கிளில் போய்வருகிறேன். நான் வேலை பார்க்கும் தொழிற்சாலை மேருவில், பத்து நிமிடத் தூரம்.

இரண்டு கார்கள் மனத்தில் இருக்கின்றன. ஒன்று மலேசியாவிலேயே செய்த நம் நாட்டுக் கார். இன்னொன்று ஜப்பான் கார். இரண்டும் ஒரே அளவு, நான்கு கதவு, நல்ல டிக்கி. எதையும் குறித்து வைத்தால்தான் எனக்குப் புரியும்; இருபத்தொரு வருடம் தரக்கட்டுப்பாட்டில் வேலை பார்த்த பழக்கம். அதனால் இந்த நோட்டு. பாரபட்சம் இல்லாமல் எழுத வேண்டும்.

இதையும் எழுதிவிடுகிறேன்: நம் நாட்டுக் காரின் சீட் பெல்ட் எங்கள் தொழிற்சாலையில்தான் தயாராகிறது. பெல்ட்டின் நாக்கு போய் மாட்டும் பூட்டு என் பிரிவைத் தாண்டித்தான் வெளியே போகும்.

புவனாவிடம் எது வேண்டும் என்று கேட்டேன். "உங்க இஷ்டம்" என்றாள்.

மார்ச் 4, திங்கள்

புவனா தோழியோடு வேலைக்குப் போனாள். லோஷினி பஸ்ஸில். வீட்டு முன்னால் கார் இல்லாமல் இடம் வெறிச்சென்று இருக்கிறது. எண்ணெய்க் கறையைக் கழுவினேன். போகவில்லை.

மார்ச் 5, செவ்வாய்

வேலையில் ஒரு சின்ன விஷயம். என் பிரிவில் சோதனை செய்யும் நாகேந்திரன் இழுவைச் சோதனைத் தாளைக் கொண்டுவந்தான். ஒவ்வொரு தொகுதியிலும் ஐம்பது பூட்டை எடுத்து இயந்திரத்தில் மாட்டி, விபத்தில் உடம்பு பாய்கிற வேகத்துக்கு ஈடாக இழுப்போம். ஒன்றுகூட விடக்கூடாது. இன்று இரண்டு விட்டுவிட்டன.

செல்வதுரையிடம் போனேன். அவர் இப்போது மேலாளர். நானும் அவரும் ஒரே வருடத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். இயந்திரத்தின் பிடி சரிந்திருக்கும், சரிசெய்துவிட்டு வேறு ஐம்பது எடுத்துப் பார்க்கலாம் என்றார். பிடி கொஞ்சம் சரிந்துதான் இருந்தது. மறுபடி சோதித்தோம். ஐம்பதும் தேறின. புதுத் தாள் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நாலாயிரத்து இருநூறு பூட்டுகள் மாலை லோரியில் ஏறின.

பிடி சரிந்தால் தவறான முடிவு வரும். எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

திரும்பும்போது லோஷினிக்கு வடிவியல் பெட்டி வாங்கினேன்.

மார்ச் 9, சனி

நம் நாட்டுக் காரை ஓட்டிப் பார்த்தோம். விற்பனையாளர் அஸ்ரி நல்ல இளைஞர். புது மாடல். கதவு சாத்தும் சத்தம் கனமாக இருக்கிறது. ஏசி இரண்டே நிமிடத்தில் குளிர்ந்தது. பின்சீட்டில் கால் நீட்ட நல்ல இடம். பாகங்கள் எங்கும் கிடைக்கும். எந்தப் பட்டறையிலும் பார்ப்பார்கள். நீல நிறம் ஒன்று நின்றது, பார்க்க நன்றாக இருந்தது. புவனா அதன்மேல் கையை வைத்துப் பார்த்தாள்.

ஓட்டி முடித்து இறங்கும்போது லோஷினி கேட்டாள்: "அப்பா, ஏன் நாலு சீட்லயும் உக்காந்து உக்காந்து பெல்ட்ட இழுத்துப் பாத்தீங்க? அந்த அண்ணன் சிரிச்சாரு."

தொழில் பழக்கம் என்றேன்.

மார்ச் 10, ஞாயிறு

ஜப்பான் கார். பாரபட்சம் இல்லாமல் எழுதுகிறேன்: ஓட்டம் மெத்தென்று இருக்கிறது. விற்கும்போது விலை அதிகம் குறையாது. ஆனால் விலை எடுத்த எடுப்பிலேயே அதிகம். ஸ்டியரிங் கைக்கு அழுத்தமே இல்லை, பொம்மைக் கார் மாதிரி. டிக்கி சிறியது. உள்ளே மணம் எனக்குப் பிடிக்கவில்லை.

புவனா நெடுஞ்சாலையில் ஒரு சுற்றுப் போய்வந்தாள். நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. லேசாகப் பாடிக்கொண்டிருந்தாள். அவள் பாடி நான் கேட்டு எவ்வளவு நாளாயிற்று என்று யோசித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் இரண்டு காருக்கும் கோடு போட்டுப் பட்டியல் எழுதிக் காட்டினேன். பதினான்கு விஷயத்தில் ஒன்பதில் நம் நாட்டுக் கார் முந்துகிறது.

"டிக்கிக்கு ரெண்டு தடவ மார்க் போட்டிருக்கீங்க" என்றாள் புவனா.

பார்த்தேன். போட்டிருந்தேன். எட்டு என்று திருத்தினேன்.

"நம்ம ஊர் ஆளுங்க செஞ்ச காடிய நாமளே வாங்கலன்னா யாரு வாங்குவா?" என்றேன். கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போல. லோஷினி புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள். புவனா துவைத்த துணியை மடிக்க ஆரம்பித்தாள்.

மார்ச் 12, செவ்வாய்

கூரை ஒழுகுகிறது. தார் வாங்கிப் பூச வேண்டும். நாகேந்திரன் கேண்டீனில் வேறு மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டான்.

மார்ச் 14, வியாழன்

இரண்டாவது ஐம்பது பூட்டையும் எடுத்தது நான் இல்லை. செல்வதுரையே பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். மேலடுக்குப் பெட்டி. மேலடுக்கில் இருந்தவை உள்ளே பழைய சுருள்வில் போட்ட பூட்டுகளாக இருக்கலாம். பிப்ரவரியில்தான் சுருள்வில் கொடுக்கும் கம்பெனியை மாற்றினோம்.

இருக்கலாம் என்றுதான் எழுதுகிறேன். தெரியாது.

மார்ச் 16, சனி

புவனா ஒத்துக்கொண்டாள்!

காலையில் நான் கேட்காமலே வந்து உட்கார்ந்தாள். "சரிங்க. நம்ம நாட்டுக் காடியே எடுப்போம். அந்த நீலக் கலரு."

"நெஜமாவா? என் கட்டாயத்துக்காகச் சொல்லாத."

"கட்டாயம் இல்ல. ராத்திரி ஷிப்டு முடிஞ்சு வரப்போ கண்ணு சொருகுது. லோரி பறக்குற ரோடு அது. எங்க வார்டுக்குத் தெனமும் யாரையாச்சும் தூக்கிட்டு வராங்க. பெல்ட்டு போட்டவங்களையும் பாக்குறேன், போடாதவங்களையும் பாக்குறேன். நீங்க பாத்து அனுப்புன பெல்ட்டுன்னா எனக்கு ஒரு தைரியம். அவ்ளோதான்."

முன்பணம் கட்டினோம். மாதக் கடைசிக்குள் வண்டி வந்துவிடும் என்றார் அஸ்ரி. லோஷினி காரோடு படம் எடுத்துக்கொண்டாள்.

சந்தோஷமான நாள். மத்தியானம் சோறு இறங்கவில்லை, வெயில் அதிகம்.

மார்ச் 18, திங்கள்

சாப்பாட்டு நேரத்தில் வெளியே போய் அஸ்ரிக்குப் போன் செய்தேன். நீலக் கார் எப்போது தயாரானது என்று கேட்டேன். இந்த மாதம்தான், புத்தம் புதுசு என்று மலாயில் பெருமையாகச் சொன்னார். ஜனவரியில் செய்த கார் ஏதாவது இருக்குமா என்றேன்.

"எல்லாரும் புதுசு கேப்பாங்க. நீங்க பழசு கேக்கறீங்களே?"

ஜனவரி நல்ல மாதம் என்றேன். ஜோசியம் என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. தேடிப் பார்ப்பதாகச் சொன்னார்.

கூரைக்குத் தார் பூசினேன்.

மார்ச் 20, புதன்

ஷா ஆலாமில் ஒன்று இருக்கிறதாம். ஜனவரியில் செய்தது. வெள்ளை நிறம்.

புவனாவிடம் நீலம் வரத் தாமதமாகும் என்று சொன்னேன்.

"பரவால்ல. காத்திருக்கேன்."

"வெள்ளை நம்ம வெயிலுக்கு நல்லது. உள்ள சூடு ஏறாது."

"எனக்கு நீலந்தாங்க புடிச்சிருக்கு."

"கலர்ல என்னா இருக்கு புவனா? வெள்ளையே எடுப்போம்."

என்னை நிமிர்ந்து பார்த்தாள். நோயாளியின் நாடித்துடிப்பை எண்ணுகிறபோது அப்படித்தான் பார்ப்பாள். "சரி" என்றாள்.

வெள்ளை வெயிலுக்கு நல்லது என்பது பொய் இல்லை.

மார்ச் 22, வெள்ளி

இன்றைக்கு நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

வேலை முடிந்து மோட்டாரை எடுக்கப் போனேன். நாகேந்திரன் அங்கே நின்றுகொண்டிருந்தான். பதினேழு நாளில் முதல் தடவையாகப் பேசினான்.

"தயாளன் அண்ணே, எங்க அக்கா வீட்டுக்காரரு புதுக் காடி புக் பண்ணிருக்காரு. அதே மாடலு. கைக்கொழந்த இருக்கு. அக்கா போன் பண்ணி, ஒங்க பெல்ட்டுதானேடா அது, நல்லாருக்கும்லன்னு கேக்குது. நான் என்னாண்ணே சொல்லட்டும்?"

யோசிக்காமல் வாயில் வந்துவிட்டது. "ஜனவரியில செஞ்ச காடியாக் கேக்கச் சொல்லு."

சொல்லி முடித்த பிறகுதான் என் காதிலேயே விழுந்தது.

நாகேந்திரன் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஹெல்மெட்டை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தான். "அப்ப ஒங்களுக்குத் தெரியும். நான்தான் தப்பா பாத்துட்டேன் போலன்னு இத்தன நாளா என்னையே சந்தேகப்பட்டுக்கிட்டு இருந்தேண்ணே" என்றான்.

மோட்டாரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான்.

மார்ச் 23, சனி

லோஷினி டியூஷன் போன பிறகு புவனாவிடம் சொன்னேன். இரண்டு பூட்டு விட்டதையும், மேலடுக்குப் பெட்டியையும், தாளையும், கையெழுத்தையும் சொன்னேன். மாட்டும்போது சத்தம் சரியாகவே கேட்கும். உள்ளே கொக்கி முழுதாக விழாமல் பாதியில் நிற்கும். பலமாக இழுத்தால் விட்டுவிடும் என்பதையும் சொன்னேன். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"எத்தன காடி?"

"எல்லாப் பூட்டும் கெட்டது இல்ல. நூத்துல ரெண்டு மூணு இருக்கலாம்."

"நான் அதக் கேக்கல. அந்தப் பூட்டு எத்தன காடிக்குப் போயிருக்கு?"

"ஆயிரத்துக்கு மேல."

"எனக்கு மட்டும் ஜனவரி காடி."

மேசையில் கிடந்த வெங்காயத் தோலைப் பொறுக்கினேன்.

"வெள்ளை வெயிலுக்கு நல்லதுன்னீங்க. நான் ஒங்களுக்கு ஏதோ ஒடம்பு சரியில்லன்னு நெனச்சேங்க. ரெண்டு வாரமா சோறு திங்கல, மூஞ்சி சரியில்ல. ஸ்கேன் எடுக்க டாக்டர்கிட்ட தேதி வாங்கிட்டேன், திங்கக்கெழம. ஒடம்புக்குத்தான் ஏதோன்னு..." அவள் கண் நிறைந்துவிட்டது. வெங்காயத்தால் இல்லை.

அழுகை நின்ற பிறகு சொன்னாள்: "போன வாரம் ஒரு பொண்ண கொண்டாந்தாங்க. லோஷினி வயசு. பெல்ட்டு போட்டிருந்துச்சின்னு அவங்கப்பா திரும்பத் திரும்பச் சொல்லிக்கிட்டே இருந்தாரு. நான் நம்பல. பெல்ட்டு போட்டிருந்தா இப்படி ஆகாதுன்னு மனசுக்குள்ள அவர திட்டுனேன்."

அது எந்தக் கார் என்று எனக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாது. பழைய காராகக்கூட இருக்கலாம். நான் கேட்கவில்லை.

மார்ச் 25, திங்கள்

செல்வதுரையின் அறைக்குப் போனேன். கதவைச் சாத்தச் சொன்னார். முதல் சோதனைத் தாளை மேசைமேல் வைத்தேன். அதைக் கிழித்துவிட்டேன் என்று அவர் நினைத்திருந்தார். நான் எந்தத் தாளையும் கிழித்ததில்லை. அலமாரிக்குள் புது விண்ணப்பப் படிவங்களுக்கு அடியில் வைத்திருந்தேன்.

"தயா, இந்த ஆர்டர் போச்சுன்னா நூத்தம்பது பேரு வீட்டுக்குப் போகணும்லா. அதுல பாதிப் பேரு பொம்பளைங்க. ஒனக்குத் தெரியாதா?" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. அவருக்கும் சரியான தூக்கம் இல்லை என்று கண்ணைப் பார்த்தால் தெரிந்தது. "அடுத்த தொகுதிலேருந்து பழைய சுருள்வில்லையே போட்டுருவோம். நடந்தது நடந்துபோச்சு."

"போனத திருப்பி எடுக்கணும்."

"யாரு சொல்றது?"

"நான்தான் கையெழுத்துப் போட்டேன்."

"நாந்தான் போடச் சொன்னேன். அத எழுதுவியா?"

"எழுதுவேன்."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இருபத்தொரு வருடமாக அவர் வீட்டுப் பலகாரம் எங்கள் வீட்டுக்கு வராத தீபாவளி இல்லை.

மதிய இடைவேளையில் கார் தொழிற்சாலையின் தரப்பிரிவுக்கு இரண்டு தாளையும் படம் எடுத்து அனுப்பினேன். கடிதத்தை மூன்று தடவை எழுதினேன். முதல் இரண்டிலும் "பிடி சரிந்திருந்த காரணத்தால்" என்று ஆரம்பித்திருந்தேன். மூன்றாவதில் "எனக்குச் சந்தேகம் இருந்தும் கையெழுத்திட்டேன்" என்று ஆரம்பித்தேன்.

கடிதத்தில் நாகேந்திரனை, முதல் சோதனையைச் செய்தவன் என்று மட்டும் குறிப்பிட்டேன். அவன் சரியாகத்தான் செய்தான்.

மார்ச் 28, வியாழன்

கார் தொழிற்சாலையிலிருந்து நான்கு பேர் வந்தார்கள். அதே புதுச் சுருள்வில் போட்ட கையிருப்பிலிருந்து இருநூறு பூட்டு எடுத்து அவர்கள் கண் முன்னாலேயே இழுத்தார்கள். ஐந்து விட்டுவிட்டன. ஐந்தாவது விட்டதும் அவர்களில் ஒருவர் போனை எடுத்தார்.

கிடங்குகளில் நிற்கும் கார்களை வெளியே விடக்கூடாது என்று அங்கேயே போனில் சொன்னார்கள். விற்றுப்போன கார்கள் முந்நூற்றுப் பன்னிரண்டு. ஒவ்வொருவருக்கும் போன் செய்யப் போகிறார்களாம்.

எனக்கு ஒரு கடிதம் கொடுத்தார்கள். விசாரணை முடியும்வரை பாதிச் சம்பளத்தோடு வீட்டில் இருக்க வேண்டும். செல்வதுரைக்கும் அதே கடிதம். பொருட்களை எடுத்துக்கொண்டு வரும்போது பொருத்தும் வரிசையில் இருந்த பெண்கள் தலை நிமிரவில்லை. ஒரு அம்மா மட்டும், "இனி எங்க கதி என்னாண்ணே?" என்று கேட்டார். தெரியாதும்மா என்றேன்.

ஏப்ரல் 1, திங்கள்

லோஷினியைப் பஸ் ஏற்றிவிட்டேன். மீன் வாங்கினேன். நாகேந்திரன் போன் செய்தான்: அக்கா வீட்டுக்காரருக்குக் கார் தொழிற்சாலையிலிருந்து அழைப்பு வந்ததாம், வண்டி பூட்டு மாற்றிய பிறகுதான் கிடைக்கும். வைக்கும் முன், "சாப்டீங்களாண்ணே?" என்றான்.

ஏப்ரல் 6, சனி

முன்பணத்தைத் திருப்பி வாங்க அஸ்ரியிடம் போனோம். நடந்ததை அவர் கேள்விப்பட்டிருந்தார். கையெழுத்துப் போட்டது நான் என்று அவருக்குத் தெரியாது. "ஜனவரி கார் கேட்டீங்களே. நல்ல மாதந்தான்" என்றார். புவனா வெளியே போய் நின்றுகொண்டாள்.

திரும்பும் வழியில், வாடகைக் காரில், சொன்னேன்: "ஜப்பான் காடியே எடுத்துருவோம். நான் செஞ்சத எப்படி நம்பி ஓட்டுவ?"

"அந்தக் காடியிலயும் எவனோ ஒருத்தன் கையெழுத்து போட்டிருப்பான்ல? அவன் யாருன்னு எனக்குத் தெரியுமா?" என்றாள். கொஞ்சத் தூரம் போன பிறகு, "இங்க பூட்டு மாத்துனதுக்கப்புறம் இதவிட நல்லாப் பாத்த காடி இருக்காது. நாலு பேரு நின்னு பாத்திருக்காங்க" என்றாள்.

"அப்ப நீலமே எடுப்போமா?"

"இல்ல. ஜப்பான் காடிதான்." என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "கோவத்துல சொல்லலங்க. எனக்கு மொதல்லேருந்தே அதுதான் புடிச்சிருந்துச்சு. ஓட்ட நல்லாருந்துச்சு. நீங்க பதினாலு விஷயம் எழுதுனீங்க, ஓட்டுறவளுக்குப் புடிச்சிருக்கான்னு ஒரு கோடு போடல."

உன் இஷ்டம் என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த வார்த்தையை அவள் எப்போதெல்லாம் சொல்லியிருக்கிறாள் என்று நினைவுக்கு வந்தது. "எடுப்போம்" என்றேன்.

ஏப்ரல் 13, சனி

என் பாதிச் சம்பளத்துக்குப் புதிது கட்டுப்படியாகாது. மூன்று வருடம் ஓடிய ஜப்பான் கார், கறுப்பு. புவனா தன் பெயரில் அரசாங்க ஊழியர் கடன் எடுத்தாள். பத்திரத்தில் அவள் கையெழுத்துப் போடும்போது ஒவ்வொரு பக்கத்தையும் வாசித்துவிட்டுப் போட்டாள். குமாஸ்தா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பார்க்கவில்லை.

ஏப்ரல் 17, புதன்

விசாரணை இன்று. புவனா விடுப்பு எடுத்து என்னைக் கூட்டிப்போனாள். வழியில் மழை. தொழிற்சாலை வாசலில் நிறுத்தி, "நான் உள்ள வரணுமா?" என்றாள். வேண்டாம் என்றேன். "அப்ப இங்கயே இருக்கேன்" என்று இஞ்சினை அணைத்தாள்.

மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். இரண்டாவது தாளை என் முன்னால் நகர்த்தினார்கள். இது உங்கள் கையெழுத்தா என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். யாராவது கட்டாயப்படுத்தினார்களா என்று கேட்டார்கள். போடச் சொன்னார்கள், போட்டது நான்தான் என்றேன். எழுதிக்கொண்டார்கள். செல்வதுரை வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நான் தாண்டிப் போகும்போது காலை மடக்கி வழி விட்டார்.

முடிவு கடிதத்தில் வருமாம். என் மேற்பார்வையாளர் பதவி போய்விடும் என்றுதான் தோன்றுகிறது. வேலையே போனாலும் ஆச்சரியம் இல்லை.

காருக்கு வந்தேன். கண்ணாடி முழுக்க ஆவி படிந்திருந்தது. புவனா அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். நேற்று இரவு ஷிப்டு. எழுப்ப மனம் வரவில்லை. கதவைத் திறந்தால் விழித்துவிடுவாள் என்று, மழை விடும்வரை அவள் பக்கத்துக் கண்ணாடிக்கு வெளியே, குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.